ரிப்போட்டில் இருந்த ஒரு வரியும் ஸ்டெம் செல் பயமும்

கேள்வி: டொக்டர், நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 54. என் அண்ணாவுக்கு 61. இருபது வருடமாகச் சீனி வருத்தம், ஆனால் வாழ்நாளில் ஒரு துளி குடிக்காதவர். ஸ்கானில் ஈரலில் 4 சென்ரிமீற்றரில் ஒரு கட்டி தெரிந்தது. ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ரிப்போட்டில் ‘ஈரல் கலப் புற்றுநோய், சுற்றியுள்ள ஈரலில் கொழுப்பும் சிரோசிஸும்’ என்று எழுதி, கடைசி வரியில் ‘சீ.கே. 19 சில கலங்களில் பொசிட்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள். டொரொன்டோவில் இருக்கும் அண்ணாவின் மகன் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, இது ஸ்டெம் செல்லிலிருந்து வந்த புற்றுநோய், கட்டாயம் திரும்ப வரும் என்று அழுகிறான். அதே கிழமை சொந்தக்காரர் ஒருவர், ஈரல் புதிதாக வளரும் என்று சொல்லி இரண்டு பெட்டி ஸ்டெம் செல் பவுடரைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். இன்னொருவர் வெளிநாடு போய் ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்கிறார். புற்றுநோயைக் கொண்டுவருவதும் அதுதான், மாற்றுவதும் அதுதானா? எனக்கும் சீனி, ஈரலில் கொழுப்பு இருக்கிறது. எனக்கும் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் மருமகனுக்கு ஒரு ஃபோன் எடுங்கள். அவர் வாசித்தது பொய்யில்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார். சீ.கே. 19 பொசிட்டிவ் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, இந்தப் புற்றுநோய் ஸ்டெம் செல்லில்தான், அதாவது இன்னும் முதிராமல், வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலத்தில்தான் தொடங்கியது என்று எந்தப் பத்தோலஜிஸ்டும் சொல்லமாட்டார். நானும் அந்தத் தொழில்தான். நோயாளியின் முகத்தைக் காண்பது அரிது, அவரிடமிருந்து எடுத்த துண்டைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே அந்தத் துண்டில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதிலிருந்தே வருகிறேன்.

ஈரல் வெட்டினால் வளரும் உறுப்பு. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும், ஓரிரு கிழமைக்குள் அது பழைய எடைக்கு வந்துவிடும் என்பதை ஹிக்கின்ஸ், அண்டர்சன் என்ற இருவர் 1931 இலேயே காட்டிவிட்டார்கள். ஈரலில் ஒரு பகுதியை உறவினருக்குத் தானம் கொடுப்பவர்களுக்கும் சில மாதங்களில் மிச்ச ஈரல் பெருத்து, தேவையான அளவுக்கு வந்துவிடுகிறது. இங்கே கவனிக்கவேண்டியது, இந்த வளர்ச்சிக்கு ஸ்டெம் செல் தேவைப்படுவதில்லை. இரத்தத்தையும் குடலின் உட்படலத்தையும் தோலையும் நாளாந்தம் புதுப்பிப்பது ஸ்டெம் செல்கள். ஈரலில் அப்படியில்லை. நேற்றுவரை இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பித்தம் சுரந்துகொண்டு இருந்த அதே முதிர்ந்த கலம், தேவை வந்தால் தானே பிரிந்து இரண்டாகும்.

அப்போ ஈரலில் ஸ்டெம் செல் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஈரல் கலங்களுக்கிடையே பித்தம் ஓடுகிற நுண்ணிய வழிகள், முறையான பித்தக் குழாய்களோடு சேருகிற இடம் ஒன்று உண்டு. ஹெரிங் கால்வாய் என்பார்கள். அங்கே சில சின்னக் கலங்கள் இருக்கின்றன. ஈரல் கலமாகவும் போகலாம், பித்தக்குழாய்க் கலமாகவும் போகலாம் என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ளவை. சுகமான ஈரலில் இவற்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பல வருடம் அடிபட்டு, வழமையான கலங்களால் இனிப் பிரிய ஏலாது என்ற கட்டம் வரும்போதுதான் இவை பெருகி வெளியே வருகின்றன.

அண்ணாவின் ஈரலைப்போல, கொழுப்பால் சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பு விழுந்து இறுகிப்போன ஓர் ஈரலை மெல்லியதாகச் சீவிப் பதித்த கண்ணாடித் தகட்டை மைக்கிரஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஈரல் கலங்கள் இளஞ்சிவப்பில் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். அவற்றுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். கொழுப்பு இருந்த இடங்கள்தான் அவை, தகடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்துபோய் வெற்றிடம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு உருண்டையையும் சுற்றித் தழும்புப் பட்டை. பட்டையும் உருண்டையும் முட்டுகிற ஓரத்தில், முட்டை வடிவக் கருவும் அதைச் சுற்றி இருந்தும் இல்லாத மாதிரிக் கொஞ்ச உடம்புமாகச் சின்னக் கலங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். சாதாரணச் சாயத்தில் கண்ணைக் கூர்மையாக்கிப் பார்க்கவேண்டும். சீ.கே. 19 சாயம் போட்டுவிட்டால் அந்த வரிசைகள் கபில நிறத்தில் பளிச்சென்று எழும்பிவிடும். சீ.கே. 19 என்பது ஒரு புரதம், அவ்வளவுதான். பித்தக்குழாய்க் கலத்தில் இருக்கும், நான் சொன்ன சின்னக் கலத்தில் இருக்கும், முதிர்ந்த ஈரல் கலத்தில் இருக்காது. அது கட்டிக்குள்ளும் தென்பட்டதால்தான் உங்கள் ரிப்போட்டில் அந்த வரி வந்திருக்கிறது.

இந்தக் கலங்கள்மேல் சந்தேகம் விழுந்தது இன்று நேற்றல்ல. 1956 இல் ஃபார்பர் என்ற ஆராய்ச்சியாளர், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இரசாயனங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கட்டி எழும்புவதற்கு முன்பே முட்டை வடிவக் கருவுள்ள சின்னக் கலங்கள் ஈரலெங்கும் பரவியிருந்தன. புற்றுநோய்க்கு முன்னால் எப்போதும் இவை வந்து நிற்கின்றன என்றால், புற்றுநோய் இவற்றிலிருந்துதான் வருகிறதோ என்ற கேள்வி இயல்பாகவே எழும். அப்புறம் 1963 இல் அபெலேவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, ஈரல் கட்டி வந்த சுண்டெலிகளின் இரத்தத்தில், குட்டி கருவிலிருக்கும்போது மட்டுமே அதன் ஈரல் சுரக்கவேண்டிய புரதத்தைக் கண்டார். அடுத்த வருடமே தத்தாரினோவ் என்பவர் அதை ஈரல் புற்றுநோயாளிகளின் இரத்தத்திலும் கண்டார். அண்ணாவுக்கு ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஏ.எஃப்.பி. என்று ஓர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்களே, அது இந்தப் புரதம்தான். வளர்ந்த மனிதரின் கட்டி கருவிலிருக்கும் ஈரலைப்போல நடந்துகொள்கிறது. முதிர்ச்சியடையும் வழியில் தடைப்பட்டு நின்றுபோன ஸ்டெம் செல்தான் ஈரல் புற்றுநோய் என்ற கருத்து இப்படித்தான் பலம் பெற்றது. உங்கள் மருமகன் வாசித்தது இந்த இடம்வரைக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் கதை சுவாரசியமாகிறது. கடந்த பதினைந்து வருடத்துக்குள் சுண்டெலிகளில் ஒரு கெட்டிக்காரத்தனமான வேலை செய்தார்கள். சுகமாக இருக்கும்போதே எலியின் முதிர்ந்த ஈரல் கலங்களுக்கு மட்டும், பரம்பரை பரம்பரையாக மாறாத ஒரு நிற அடையாளத்தை மரபணு வழியாகப் போட்டுவிடுவது. அதன் பிறகு அந்த எலிக்குப் புற்றுநோயை வரவழைப்பது. கட்டி அந்த நிறத்தில் வந்தால் அதன் மூதாதை முதிர்ந்த ஈரல் கலம். நிறமில்லாமல் வந்தால் ஹெரிங் கால்வாய்ப் பக்கத்து ஆள். பெரும்பாலான பரிசோதனைகளில் கட்டி நிறத்தோடுதான் வந்தது. அதைவிட முக்கியமான விஷயம், நிறத்தோடு வந்த சில கட்டிகளிலும் ஸ்டெம் செல்லுக்குரிய புரதங்கள் இருந்தன. அதாவது முதிர்ந்த கலமே புற்றுநோயாகும் வழியில் பின்னோக்கிப் போய், ஸ்டெம் செல்லின் குணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. அறுபது வயதுக்காரர் ஒருவர் கடும் காய்ச்சலில் மழலை பேசினால், அவர் குழந்தை என்று முடிவுகட்டுவோமா? சீ.கே. 19 அந்த மழலை மாதிரி. கலம் இப்போது எப்படிப் பேசுகிறது என்பதைத்தான் சொல்கிறது, எங்கே பிறந்தது என்பதைச் சொல்வதில்லை.

இதோடு ஸ்டெம் செல் முற்றாக விடுதலையாகிவிட்டது என்றும் நான் சொல்லவரவில்லை. முதிர்ந்த கலங்கள் பிரியவே முடியாதபடி செய்துவிட்டு ஈரலைக் காயப்படுத்தினால், எலியிலும் பித்தக்குழாய்ப் பக்கத்துக் கலங்கள் வந்து ஈரல் கலங்களை உண்டாக்குவதை 2017 அளவில் காட்டிவிட்டார்கள். பல வருடம் சிரோசிஸோடு வாழ்கிற மனிதனின் ஈரல், சில மாதம் மருந்து கொடுத்த எலியின் ஈரலைவிட அந்த நிலைக்கு நெருக்கமானது. மனிதருக்கு நிறம் போட்டு வைத்துக் காத்திருக்கவும் முடியாது. ஆகவே வாதம் முடியவில்லை. என்னைக் கேட்டால், கொழுப்பீரலில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை முதிர்ந்த கலத்தில்தான் தொடங்குகின்றன, ஒரு சிறு பங்கு மட்டும் அந்தச் சின்னக் கலங்களிலிருந்து வரலாம் என்ற பக்கம்தான் சாய்வேன். அண்ணாவின் கட்டி எந்தப் பக்கம் என்பதை அந்தத் தகட்டை வைத்து யாராலும் தீர்க்கமுடியாது. தீர்த்தாலும் நாளைக்கு அவருக்குக் கொடுக்கிற வைத்தியத்தில் ஒரு குளிசைகூட மாறப்போவதில்லை.

மருமகன் வாசித்ததில் இன்னொரு குழப்பமும் இருந்திருக்கும். ஆங்கிலத்தில் தேடினால் ‘புற்றுநோய் ஸ்டெம் செல்’ என்று ஒன்று வரும். இது வேறு சங்கதி. கட்டி எந்தக் கலத்தில் பிறந்தது என்பது ஒரு கேள்வி. பிறந்துவிட்ட கட்டிக்குள் எந்தக் கலங்கள் அதைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டிருக்கின்றன என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு முதல் தெளிவான விடை வந்தது மருமகன் இருக்கும் டொரொன்டோவிலேயேதான். ஜோன் டிக் என்பவரின் ஆய்வுகூடம் 1994 இலும் 1997 இலும், இரத்தப் புற்றுநோய்க் கலங்களில் மிகச் சிறிய ஒரு பங்குக்கு மட்டுமே நோயைப் புதிதாக ஆரம்பித்துவைக்கும் சக்தி உண்டு என்று காட்டியது. ஈரல் புற்றுநோயிலும் அப்படிப்பட்ட கலங்களைத் தேடினார்கள். சீ.டி. 133, எப்கேம் போன்ற புரத அடையாளங்கள் உள்ள கலங்கள் எலியில் எளிதாகக் கட்டியை உண்டாக்கின, மருந்துக்கும் லேசில் அடங்கவில்லை. இவை முதிர்ந்த கலத்தின் வாரிசாகவும் இருக்கலாம். பெயரில் ஸ்டெம் செல் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சரி, அப்படியென்றால் அந்த வரிக்கு ஒரு அர்த்தமும் இல்லையா? இருக்கிறது. நிறைய நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால், சீ.கே. 19 உள்ள கட்டிகள் இல்லாதவற்றைவிட ஒப்பரேஷனுக்குப் பிறகு திரும்ப வரும் வாய்ப்பு கூட. மறைப்பதில் பிரயோசனமில்லை. ஆனால் ‘கூட’ என்பது ‘கட்டாயம்’ ஆகாது. அதைவிட கனமான வரிகள் ரிப்போட்டின் மேல்பகுதியில் இருக்கும், யாரும் வாசிக்கமாட்டார்கள். கட்டி ஒன்றா, பலவா? வெட்டின ஓரம் சுத்தமா? நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் கட்டி புகுந்திருக்கிறதா? அடுத்த கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள், குறிப்பாகக் கடைசிக் கேள்வியை. இன்னொன்றும் கேட்கலாம்: இது வெறும் ஈரல் கலப் புற்றுநோயா, பித்தக்குழாய்ப் புற்றுநோயும் கலந்த கலப்பு வகையா? கலப்பு வகை என்றால் கவனிப்பு வேறு மாதிரிப் போகும். அதைச் சாதாரணச் சாயத்தில் கலங்களின் தோற்றத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும், சீ.கே. 19 ஐ மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது. உங்கள் ரிப்போட்டில் ‘கலப்பு’ என்று இல்லாததால், பார்த்தவர் அதை யோசித்து விலக்கியிருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மருமகனுக்கு மனம் ஆறவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. அண்ணாவின் துண்டு மெழுகுக் கட்டிக்குள் பதிந்து ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கும். எழுத்தில் கேட்டால் தகடுகளை இரண்டாவது அபிப்பிராயத்துக்காகத் தருவார்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள், எங்களுக்கு அது வழமையான விஷயம். ரிப்போட்டை ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவதைவிட அது ஆயிரம் மடங்கு பிரயோசனம்.

இனி பவுடருக்கு வருவோம். அதற்கு முன் சிரோசிஸில் ஏன் புற்றுநோய் வருகிறது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் பவுடர் விற்பவரின் கதை அங்கேதான் உடைகிறது. ஈரல் புற்றுநோய்களில் பத்துக்கு எட்டு ஒன்பது சிரோசிஸ் உள்ள ஈரலில் வருகின்றன. கொழுப்பாலும் சீனியாலும் கலங்கள் சாகின்றன, மிச்சக் கலங்கள் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன, அவையும் சாகின்றன, திரும்பப் பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுவைப் பிரதி எடுக்கவேண்டும், அழற்சி நடக்கிற இடத்தில் பிழை வருவது சுலபம். கலம் குறிப்பிட்ட தடவைகள் பிரிந்தபின் ஓய்ந்துபோக ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டை மீறிச் சாகாவரம் கொடுப்பது டெலோமரேஸ் என்ற நொதி. ஈரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 60 வீதத்தில் அந்த நொதியின் மரபணுச் சுவிட்ச் பழுதாகித் திறந்தபடி கிடக்கிறது. இப்போது பாருங்கள், சிரோசிஸ் வந்த ஈரலுக்கு வளரும் ஆசை குறைந்துவிட்டதா? இல்லையே. இருபது வருடமாக வளர்ந்து வளர்ந்துதான் அது இந்த நிலைக்கு வந்திருக்கிறது. முதிர்ந்த கலமோ ஸ்டெம் செல்லோ, யார் பிரிந்தாலும் அந்தச் சூழலில் ஆபத்து ஒன்றுதான். அந்த ஈரலுக்குத் தேவை, காயப்படுவது நிற்பது. ‘வளரவைக்கும்’ என்ற உறுதிமொழியோடு வருகிற எதையும் நேற்றுப் புற்றுநோய் எடுத்த ஈரலுக்குக் கொடுக்கலாமா என்று அந்தச் சொந்தக்காரரிடமே கேட்டுப் பாருங்கள்.

உண்மையில் அந்தப் பவுடர் வளரவைக்கவும் போவதில்லை. பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். இந்த மாதிரிப் பொருட்களில் பெரும்பாலும் அப்பிளோ திராட்சையோ ஒரு தாவரத்தின் பெயர்தான் இருக்கும். அப்பிளின் கலம் வயிற்றுக்குள் போனால் சீரணமாகும். அது அப்பிளுக்குரிய கலம், மனித ஈரலுக்குள் போய்க் குடியேறாது. அப்போ குடித்தால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். காசு ஒரு நட்டம். மற்றது, பாதி ஈரலோடு இருப்பவருக்கு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி எதுவும் ஆகாது. மூலிகைப் பொடிகளாலும் உடம்பு தேற்றும் குளிசைகளாலும் ஈரல் கெட்டு வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அவர்களின் ஈரல் துண்டுகளும் எங்களிடம்தான் வருகின்றன. அண்ணா ஏற்கனவே குடிக்கத் தொடங்கியிருந்தால் கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் ஏறி நிற்கும்போது, கட்டிதான் திரும்ப வந்துவிட்டதோ என்று டொக்டர்மார் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள். கொண்டுவந்தவர் அன்பில்தான் கொண்டுவந்தார், சண்டை போடவேண்டாம்.

ஊசி விஷயம் இதைவிடப் பெரிது. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்கிற என்புமச்சை மாற்று உண்மையான ஸ்டெம் செல் வைத்தியம், அதில் சந்தேகமில்லை. அந்த நல்ல பெயரில்தான் மற்றவையும் ஓடுகின்றன. சிரோசிஸுக்கு நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து ஏற்றிப் பார்க்கும் முறையான பரிசோதனை ஒன்றைப் பிரிட்டனில் 81 பேரிடம் செய்து, 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் ஈரலின் செயற்பாட்டில் முன்னேற்றம் என்று சொல்ல வித்தியாசம் இருக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் ஏற்றியவர்களிடம் கூடியிருந்தன. இவ்வளவுக்கும் அது பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில், காசு வாங்காமல், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துச் செய்தது. ஹோட்டல் அறையும் விமானச் சீட்டும் சேர்த்து ‘பக்கேஜ்’ விற்கும் இடத்தில் என்ன ஏற்றுவார்கள், அதற்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? புற்றுநோய் வந்த ஒருவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

அந்தக் காசுக்கும் அலைச்சலுக்கும் உருப்படியான வேலை இருக்கிறது. ஈரல் புற்றுநோய் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஐந்து வருடத்துக்குள் திரும்ப வருவது பாதிப் பேருக்கும் மேல். சீ.கே. 19 இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எண்ணிக்கை பெரியதுதான், ஆகவே மருமகனின் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்ப வருவது இரண்டு விதம். பழைய கட்டியின் மிச்சம் வளர்வது, அநேகமாக முதல் இரண்டு வருடத்துக்குள் தெரிந்துவிடும். மற்றது, மிஞ்சியிருக்கும் சிரோசிஸ் ஈரலில் புதிதாக இன்னொன்று தொடங்குவது, அது பிந்தி வரும். இரண்டுக்கும் ஆயுதம் நேரத்துக்குப் பிடிப்பது. முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை சீ.டி. ஸ்கான் அல்லது எம்.ஆர்.ஐ., அதோடு ஏ.எஃப்.பி. சுகமாகத்தானே இருக்கிறார் என்று ஒரு தவணையைக்கூடத் தள்ளவேண்டாம். தனிக் கட்டி 5 சென்ரிமீற்றருக்குள், அல்லது 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள்வரை என்றால் ஈரல் மாற்று பற்றி யோசிக்கலாம் என்பது 1996 இல் மிலான் நகரத்திலிருந்து வந்த வரையறை, இன்றும் பெரும்பாலும் அதையே பாவிக்கிறார்கள். மாற்றினால் கட்டியும் போகும், கட்டியைப் பெற்ற சிரோசிஸ் ஈரலும் போகும். ராகமவில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் செய்கிறார்கள். இப்போதைக்கு அண்ணாவுக்கு அது தேவைப்படாமலிருக்கலாம், ஆனால் அங்கேயுள்ள ஈரல் பிரிவில் ஒருமுறை காட்டிவைப்பது நல்லது. சீனியைக் கட்டுக்குள் வைத்திருக்கவேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

இனி உங்கள் கதை. அண்ணாவுக்கு வந்ததால் உங்களுக்கும் ‘புற்றுநோய் ஸ்டெம் செல்’ குடும்பத்தில் ஓடுகிறது என்றில்லை. அப்படி ஒன்று பரம்பரையாக வருவதில்லை. குடும்பத்தில் ஓடுவது சீனி, தொந்தி, ஒரே சமையலறை. ஈரலில் கொழுப்பு சேர்வதைக் கூட்டுகிற பி.என்.பி.எல்.ஏ. 3 என்ற மரபணு வேறுபாடும் உண்டு, ஆனால் அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ராகமவில் நகர்ப்புற ஆட்களை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பீரல் இருந்தது. கிழக்காசியாவில் ஈரல் புற்றுநோய்க்குப் பெரும் காரணம் ஹெபடைட்டிஸ் பி. இலங்கையில் அந்த வைரஸ் குறைவு, 2003 இலிருந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் போடுகிறோம். இங்கே வருகிற ஈரல் புற்றுநோயில் பெரும்பாலானவை வைரஸ் இல்லாதவை. குடிக்காதவர்களுக்கும் வருகிறது என்பதற்கு உங்கள் அண்ணாவே சாட்சி. இருந்தாலும் கொழுப்பீரல் உள்ளவர்களில் மிகச் சிறு பங்கினருக்குத்தான் சிரோசிஸ்வரை போகிறது, அப்படிப் போனவர்களிலும் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் புற்றுநோய். உடம்பு எடையில் 7 முதல் 10 வீதத்தைக் குறைத்தால் கொழுப்பு மட்டுமல்ல, அழற்சியும் இறங்கும். 75 கிலோ என்றால் ஐந்து கிலோவிலிருந்தே பலன் தெரியும். இரவுச் சோற்றைக் குறைத்து, மாலையில் கடற்கரை ரோட்டில் வேகமாக நடந்தால் எட்டக்கூடிய எண்தான். கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் தொடர்ந்து வருகிறது. பிளேன்டீ ஊரில் கோப்பிக்குப் பிரசாரம் செய்ய எனக்கு விருப்பமில்லை, பிடித்திருந்தால் சீனி போடாமல் குடியுங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சான், கொப்பரா, செத்தல் மிளகாய் மூன்றையும் கழுவிக் காயவைத்துப் பாவிக்கப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் பொரித்தாலும் போகாது, ஈரல் கலத்தின் மரபணுவை நேரடியாகக் கெடுக்கும் பொருள் அது.

பயத்தில் போய் ஏ.எஃப்.பி. யோ விலையுயர்ந்த ‘கான்சர் பக்கேஜ்’ பரிசோதனையோ எடுக்கவேண்டாம். உங்களுக்கு முதலில் தெரியவேண்டியது ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான். இரத்தத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகள், பிளேட்லெட் என்ற இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கை மூன்றையும் எடுத்தால் போதும், எந்த ஆஸ்பத்திரியிலும் செய்வார்கள். வயதையும் சேர்த்து ‘ஃபிப் 4’ என்று ஒரு கணக்குப் போடுவோம்: வயதை ஏ.எஸ்.டி. யால் பெருக்கி, அதைப் பிளேட்லெட்டின் ஆயிரக்கணக்காலும் (240 ஆயிரம் என்றால் 240) ஏ.எல்.டி. யின் வர்க்கமூலத்தாலும் வகுக்கவேண்டும். உதாரணமாக 54 வயதில் ஏ.எஸ்.டி. 32, ஏ.எல்.டி. 36, பிளேட்லெட் 240 ஆயிரம் என்றால் 1.2 வரும். 1.3 க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. சீனி இருப்பதால் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பப் பாருங்கள். அதற்கு மேலே என்றால் ஃபைப்ரோஸ்கான் என்ற, ஈரலின் விறைப்பை அளக்கும் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் சிரோசிஸ் என்று வந்தால் மட்டுமே ஆறு மாதத்துக்கொருமுறை வயிற்று ஸ்கான் உங்களுக்கும் தேவைப்படும்.